பால்நிலை வன்முறை: வன்னிப் பள்ளிக்கூடங்களிலும் ஊர்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர் கூட்டத்திலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கிளினிக் வாங்கிலிலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. இப்போதே ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொல்லியிருந்தால் 7, 8, 10ஆம் கேள்விகளை முதலில் படியுங்கள்.

1. பால்நிலை வன்முறை எண்டா என்ன? புருஷன் பெண்சாதிக்கு அடிக்கிறதுதானே?

அதுவும்தான், அது மட்டுமில்லை. ஒருவர் பெண் என்பதாலோ ஆண் என்பதாலோ, பெண் இப்படித்தான், ஆண் இப்படித்தான் என்று ஊர் போட்ட கோட்டுக்கு வெளியே நிற்கிறார் என்பதாலோ அவருக்குச் செய்யப்படுகிற தீங்கெல்லாம் இதற்குள் வரும். சீதனம் போதாது என்று மருமகளைப் பட்டினி போடுவது, பஸ்ஸில் உரசுவது, சாமத்தியப்பட்ட பிள்ளையைப் படிப்பை விட்டு மறித்து வைப்பது, நடையைப் பார்த்து ஒரு பெடியனைப் பட்டப்பெயர் சொல்லி வகுப்பே சேர்ந்து வதைப்பது எல்லாம் ஒரே வேரிலிருந்து வருகிறவை.

2. அடி விழேல்லை, காயமும் இல்லை. அதையும் வன்முறை எண்டு சொல்லலாமோ?

சொல்லலாம். சட்டமும் சொல்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடலைத் தாக்குவதோடு, தொடர்ந்து கொடூரமாகவோ இழிவுபடுத்தியோ நடத்துகிற பாரதூரமான உளத் துன்புறுத்தலையும் வீட்டு வன்முறை என்றே கொள்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி சொல்லாலோ செயலாலோ செய்யப்படும் பாலியல் தொந்தரவும் குற்றம். அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்கலாம்.

காயம் இல்லாதபோது நாட்குறிப்புத்தான் துணை. திகதி, நேரம், சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் நின்றவர் யார் என்ற நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

3. ஆம்பிளைப் பிள்ளையளுக்கும் இது நடக்குமோ?

நடக்கிறது. பெண்பிள்ளையை விடவும் ஆண்பிள்ளை சொல்லத் தயங்குவான். "நீ ஆம்பிளைதானே, ஏன் ஓடி வரேல்லை?" என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. எங்கள் சட்டத்தில் பாலியல் வல்லுறவு என்ற குற்றம் பெண்ணுக்கு எதிரானதாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆண்பிள்ளைக்கு நடந்ததைப் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றத்தின் கீழ் கொண்டுபோகலாம். ஆகவே "பெடியன்தானே, வழக்குப் போடேலாது" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

4. குடியும், சண்டைக் காலத்துப் பாதிப்பும்தானே இதுக்கெல்லாம் காரணம்?

இரண்டும் நெருப்பை ஊதிவிடும், மூட்டுவது வேறு. கசிப்பு அடித்துவிட்டு வருகிறவர் சந்திக் கடைக்காரரை அடிப்பதில்லை. வழியில் மறிக்கிற பொலிஸ்காரரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு மனைவியை அடிக்கிறார். யாரை அடித்தால் கேள்வி வராது என்பது வெறியிலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேள்வி வராத அந்த இடம்தான் காரணம்.

2009 வரை வன்னி பட்ட பாடு பெரியது. பல வீடுகளைப் பெண்கள் தனியே கொண்டு நடத்துகிறார்கள், பல ஆண்களுக்கு நித்திரை இல்லை. அதற்கு மருத்துவம் தேவை, 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு யாரும் எடுக்கலாம். ஆனால் போர் நடக்காத மாவட்டங்களிலும் இதே வன்முறை இருக்கிறது. 2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர் அந்தத் துணையாலேயே உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருந்தனர். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு.

5. எங்கட பள்ளிக்கூடத்தில அப்பிடி ஒண்டும் நடக்கிறேல்லை. பிறகேன் கூட்டம் வைக்கிறியள்?

முறைப்பாடு வரவில்லை என்பது நடக்கவில்லை என்பதாகாது. ஒரு வேலை செய்து பாருங்கள். தரம் 8 முதல் 11 வரையான பிள்ளைகளை, பெண்பிள்ளைகள் வேறாக ஆண்பிள்ளைகள் வேறாக, ஐந்தைந்து பேராக இருத்துங்கள். பெரிய தாளில் பள்ளிக்கூடத்தையும் வீட்டுக்குப் போகிற வழியையும் கீறச் சொல்லுங்கள். பயமாக இருக்கிற இடத்துக்குச் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் நேரம். பெயர் எழுதக் கூடாது, ஆளைக் காட்டக் கூடாது. நாற்பது நிமிடம் போதும். அந்த நேரம் வகுப்பாசிரியர் வெளியே நிற்கட்டும். அவர் உள்ளே நின்றால் புள்ளி விழாது.

அநேகமாக வருகிற புள்ளிகள் இவை: உள்கொளுக்கி உடைந்த பெண்பிள்ளைகளின் மலசலகூடம். விளையாட்டுப் பொருள் வைக்கிற அறை. பற்றை மண்டிய குளக்கட்டுப் பாதை. ஆள் குடியேறாத வளவு. ஒன்றரைக்குப் பள்ளி விட்டதும் வருகிற ஒரே பஸ். இருட்டுப்பட விடுகிற ரியூசன். பஸ்ஸைப் பற்றிச் சந்தேகப்படவே தேவையில்லை. இலங்கையில் பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக 90 சதவீதமான பெண்கள் சொன்னதை ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு பதிந்திருக்கிறது.

இவற்றில் பாதியைத் தீர்க்கப் பெரிய பணம் தேவையில்லை. கொளுக்கி அந்தக் கிழமையே போடலாம். குளக்கட்டுப் பற்றையை ஒரு சிரமதானத்தில் வெட்டலாம். ரியூசன்காரரோடு கதைத்து ஐந்தரைக்கு முன் வகுப்பை முடிக்க வைக்கலாம். பஸ் தரிப்பில் முறைபோட்டு இரண்டு பெற்றோர் இருபது நிமிடம் நின்றாலே நிலைமை மாறும். பிழை நடக்கிற இடம் முறைப்பாட்டுப் பெட்டி. அதிபரின் அறை வாசலில் பெட்டி, திறப்பும் அவரிடம் என்றால் ஒரு துண்டும் விழாது. பெட்டி எல்லோரும் போய்வருகிற இடத்தில், யார் போட்டது என்று தெரியாதபடி இருக்கட்டும். இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் ஒவ்வொரு திறப்பு. அதில் ஒருவர் பாடசாலை சிறுவர் பாதுகாப்புக் குழுவில் உள்ள பெற்றோராக இருக்கட்டும். கிழமைக்கு ஒருமுறை திறக்க வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டாலும்.

6. ரீச்சர் அடிக்கிறது ஒழுக்கத்துக்குத்தானே? நாங்களும் அடிவாங்கித்தானே படிச்சனாங்கள்?

கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்கிறது. சிறுவரைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையிலும் குற்றம். இதை இந்தப் பக்கத்தில் சேர்த்ததற்கு வேறு காரணமும் உண்டு. பெரிய ஆள் தன் உடம்பில் கை வைத்தால் வாய்மூடி நிற்கவேண்டும் என்று பிரம்பால் பழக்கப்பட்ட பிள்ளை, வேறொரு பெரிய ஆள் வேறு விதமாகக் கை வைக்கும்போதும் வாய்மூடி நிற்கும்.

7. பிள்ளை என்னட்ட வந்து சொல்லுது. முதல்ல நான் என்ன சொல்லோணும்?

மூன்று வசனம் போதும். "நீ சொன்னதை நான் நம்புறன்." "பிழை உன்னில இல்லை." "இதை உனக்கு உதவி செய்யக்கூடிய ஆக்களிட்ட மட்டும் சொல்லுவன்." மூன்றாவது முக்கியம். "ஒருத்தரிட்டையும் சொல்ல மாட்டன்" என்று சத்தியம் பண்ணிவிட்டு மறுநாள் சொன்னால் பிள்ளை அதோடு யாரையும் நம்பாது.

அதன் பிறகு உங்கள் வேலை கேட்பது, துருவுவது இல்லை. "ஏன் அங்க போனனீ?", "ஏன் கத்தேல்லை?" என்ற கேள்விகள் வேண்டாம். பயத்தில் உடம்பு விறைத்துப்போய்க் குரல் வராமல் நிற்பது இயல்பு. பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே, "அந்த மாமா", "கீழ" என்று சொன்னால் அதே சொல்லில், திகதி நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். உடுப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். அது சட்ட வைத்திய அதிகாரியின் வேலை.

நல்ல மனதோடு செய்யப்படுகிற இரண்டு பிழைகள் பல வழக்குகளைக் கெடுக்கின்றன. ஒன்று, குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டுப் பிள்ளைக்கு முன்னால் வைத்துக் கேட்பது. அவருக்கு எச்சரிக்கை கிடைக்கிறது, பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதை மாற்றுகிறது. மற்றது, வகுப்பாசிரியரிடம் ஒருமுறை, பகுதித் தலைவரிடம் ஒருமுறை, அதிபரிடம் ஒருமுறை என்று பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறும். அந்தச் சொல்லைப் பிடித்துத்தான் மன்றில் குறுக்கு விசாரணை நடக்கும்.

8. ஆருக்கு அறிவிக்கிறது? விதானையாரிட்டயோ, பொலிசிலயோ?

பிள்ளை என்றால் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் கதைக்கலாம், உங்கள் பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். பெண்களுக்கு 1938. பொலிஸ் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்துக்கு 109. இப்போதே ஆபத்து என்றால் 119, அம்புலன்சுக்கு 1990.

நேரில் போவதானால் பிரதேச செயலகம். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் ஆகியோரை அங்கே கேட்கலாம். யார் எந்த நாள் அலுவலகத்தில் இருப்பார் என்று முதலே ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். ஒட்டுசுட்டான் உட்புறத்திலிருந்தோ பூநகரியிலிருந்தோ பஸ் பிடித்து வந்து, "அவ ஃபீல்டுக்குப் போட்டா" என்று கேட்டுத் திரும்புகிறவர் இரண்டாம் முறை வருவது கடினம். விதானையாரிடம் சொல்லலாம், ஆனால் அவரோடு நிறுத்திவிட வேண்டாம். வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரையும் மறக்க வேண்டாம். மாமியார் முன்னால் சொல்ல முடியாததைக் கிளினிக்கில் அவரிடம் சொல்லலாம்.

9. பொலிசுக்குப் போனா சிங்களத்தில எழுதிப்போட்டுக் கையெழுத்து வை எண்டுவினம். என்ன செய்யிறது?

தமிழில் முறைப்பாடு சொல்வதும் தமிழில் பதியச் சொல்லிக் கேட்பதும் உங்கள் உரிமை. வடக்கில் நிர்வாக மொழி தமிழ், அரசியலமைப்பில் உள்ளது. சிறுவர் பெண்கள் பிரிவில் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று வாசலிலேயே கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்க வேண்டாம். வாசித்து மொழிபெயர்த்துச் சொன்ன பிறகும் உங்கள் பெயர், திகதி, இடம், ஆள் ஆகிய நான்கையும் ஒருமுறை சரிபாருங்கள்.

வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கத்தையும் பதிந்தவரின் பெயரையும் எழுதி வாங்குங்கள். இலக்கம் இல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது எல்லாம் முதலிலிருந்து.

10. ஆஸ்பத்திரிக்குப் போக முதல் பொலிஸ் துண்டு வேணுமோ?

சிகிச்சைக்கு வேண்டாம். நேரே போங்கள், நேரம்தான் முக்கியம். பாலியல் வன்முறை நடந்திருந்தால், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கிற மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் அவசர மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள் நன்றாக வேலை செய்யும். 120 மணிவரை ஓரளவு பயன் உண்டு, ஆனால் பிந்தப் பிந்தப் பலன் குறையும். தடுத்து விடுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தாயின் உயிரைக் காக்க அல்லாமல் கருக்கலைப்புச் செய்ய எங்கள் சட்டம் இடம் கொடுப்பதில்லை, வல்லுறவால் வந்த கர்ப்பமானாலும்.

குளிக்க, வாய் கொப்பளிக்க, உடுப்பை ஊறப்போட வேண்டாம். பிள்ளையைக் கண்டதும் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வார்க்கத்தான் தாயின் கை முதலில் போகும். அந்தக் கையை யாராவது பக்கத்தில் நின்று மெதுவாகப் பிடிக்க வேண்டும். உடுப்பு மாற்றியிருந்தால் பழைய உடுப்பைக் கடதாசிப் பையில் போடுங்கள், கடை உறையோ பழைய பேப்பரோ போதும். பொலித்தீனில் போட்டால் ஈரம் நின்று பூஞ்சணம் பிடித்துச் சான்று பழுதாகும். குளித்துவிட்டாலும் போங்கள், எல்லாம் அழிந்துவிடாது.

மருத்துவமனையில் "நட்பு நிலையம்" எங்கே என்று கேளுங்கள். வன்முறைக்கு ஆளானவர்களுக்காகச் சுகாதார அமைச்சு பல ஆதார, மாவட்ட மருத்துவமனைகளில் நடத்துகிற இடம் அது. வாசலில் நிற்கிற எல்லோருக்கும் முன்னால் விபரம் சொல்லத் தேவையில்லை. சட்ட வைத்திய பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் கேட்பார்கள், பெண் ஒருவர் கூட நிற்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

11. பதினஞ்சு வயசுப் பெட்டை பெடியனோட போட்டா. கலியாணத்தைக் கட்டி வைச்சா பிரச்சினை முடிஞ்சுதுதானே?

முடியாது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளையோடு உறவு கொள்வது, அவள் விரும்பியே போயிருந்தாலும், சட்டத்தில் வல்லுறவு. பொதுச் சட்டத்தின்படி கலியாண வயது இருவருக்கும் 18. அதற்கு முன் செய்கிற கலியாணத்தைப் பதிய முடியாது. பதிவில்லாத கலியாணத்தில் பிறக்கிற பிள்ளையின் பிறப்பு அத்தாட்சியிலிருந்து, புருஷன் விட்டுப்போனால் தாபரிப்புக் கேட்பதுவரை, எல்லாச் சுமையும் அந்தப் பதினைந்து வயதுத் தலையில் விழும். பிந்திச் செய்கிற கலியாணம் முன்பு நடந்த குற்றத்தை அழிக்கவும் மாட்டாது.

மானம் போகும் என்ற தாய் தகப்பனின் பயம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளையைத் திரும்பக் கூட்டி வந்து, 10ஆம் கேள்வியில் சொன்னபடி மருத்துவமனையில் காட்டி, பள்ளிக்கூடத்துக்கு மறுபடி அனுப்பலாம். பெடியனும் 18க்குக் கீழ் என்றால் அவனும் சிறுவன்தான். நன்னடத்தை உத்தியோகத்தர் இரண்டு வீட்டோடும் கதைக்க வேண்டும்.

12. பாதுகாப்புக் கட்டளை எண்டா விவாகரத்தோ? அவரை மறியலில போடுவினமோ?

இரண்டும் இல்லை. "இனி இவரை அடிக்காதே, நெருங்காதே" என்று நீதவான் மன்றம் இடுகிற கட்டளை அது. கலியாணம் அப்படியே இருக்கும். கணவர் மட்டுமில்லை, முன்னாள் கணவர், தகப்பன், சகோதரன், மகன், மாமன் முறையானவர்கள் மீதும் கேட்கலாம். நீங்களே விண்ணப்பிக்கலாம், உங்கள் சார்பில் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள்.

அவசரம் என்று நீதவான் கண்டால் உடனே இடைக்காலக் கட்டளை இட்டு, 14 நாட்களுக்குள் விசாரணை வைப்பார். விசாரணைக்குப் பிறகு 12 மாதம்வரை கட்டளை இடலாம். அவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் சொல்லலாம். மீறினால் ஓராண்டுவரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாவரை தண்டம், அல்லது இரண்டும். நடைமுறையில் பிழையாகப் போவது ஒன்றுதான்: கட்டளைப் பிரதி அலுமாரிக்குள் கிடக்கும். ஒரு பிரதியைப் பையிலும் இன்னொன்றைப் பக்கத்து வீட்டிலும் வையுங்கள். 119க்கு எடுக்கும்போது "கட்டளை இருக்கு, மீறுறார்" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

13. வீட்டுத்திட்டத்துக்குக் கையெழுத்து வைக்க "தனிய வா" எண்டு ஒரு அதிகாரி கேக்கிறார். இதை எங்க சொல்லுறது?

இது பாலியல் இலஞ்சம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இதையும் இலஞ்சம் என்றே கொள்கிறது. முறைப்பாடு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு, இலக்கம் 1954. வந்த மெசேஜ், கோல் வந்த நேரம், உங்கள் விண்ணப்பத்தின் திகதி எல்லாவற்றையும் வைத்திருங்கள். நுண்கடன் வசூலுக்கு வருகிறவர் இப்படிக் கேட்டால் 2ஆம் கேள்வியில் சொன்ன 345ஆம் பிரிவு இருக்கிறது, பொலிசுக்குப் போகலாம். கடன் இருப்பது அவருக்கு எந்த உரிமையும் தராது. தவணை கட்டுகிற நாளில் இரண்டு மூன்று பெண்கள் ஒரே முற்றத்தில் கூடி நின்று கட்டுங்கள்.

14. படத்தை நெற்றில போடுவன் எண்டு வெருட்டுறான். காசு குடுத்தா விடுவானோ?

விடமாட்டான், அடுத்த முறை கூடக் கேட்பான். காசு கொடுக்க வேண்டாம், பதில் எழுத வேண்டாம், பயத்தில் உரையாடலை அழிக்கவும் வேண்டாம். அவன் கணக்கின் பெயர், இணைப்பு, திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்த பிறகு புளொக் பண்ணுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் படமென்றால் "டேக் இட் டவுன்" சேவையும், மேலென்றால் "ஸ்டொப் என்.சி.ஐ.ஐ." சேவையும் இலவசம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் இலக்க அடையாளம் மட்டும் இந்தச் சேவைகளில் சேர்ந்துள்ள சமூக ஊடகங்களுக்குப் போய்ப் படத்தை மறிக்கும். சிறுவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் குற்றம், ஆகவே "பார் இதை" என்று மற்ற ரீச்சர்மாருக்கு அனுப்ப வேண்டாம்.

போனைப் பறித்துவிடுவேன் என்று முதலிலேயே மிரட்டி வைத்திருக்கிற வீட்டில் பிள்ளை இதைச் சொல்லவே மாட்டாது.

15. பக்கத்து வீட்டில ராவில சத்தம் கேக்குது. குடும்பச் சண்டையில நாங்கள் தலையிடலாமோ?

தலையிடுங்கள், சண்டை பிடிக்க வேண்டாம். இரண்டு பேராகப் போய் ரோச் லைற் அடித்து, "அக்கா, தீப்பெட்டி இருக்கோ?" என்று படலையில் நின்று கூப்பிடுங்கள். ஆள் வந்தது தெரிந்தாலே பல வேளை கை இறங்கும். கத்தி, அலவாங்கு எடுத்திருக்கிறார் என்றால் உள்ளே போகாமல் 119.

பகலில் அவவோடு தனியே கதையுங்கள். ஒரு பையில் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சி, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், பஸ் காசு, ஒரு சோடி உடுப்பு வைத்து அந்தப் பையை உங்கள் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். "விட்டிட்டு வா" என்று நெருக்க வேண்டாம். விட்டுப் போகிற நேரம்தான் ஆபத்துக் கூடின நேரம். எப்போது போவது என்பதை அவவே சொல்லட்டும்.

16. வழக்கு வேண்டாம், ஊருக்குள்ளேயே பேசித் தீர்ப்பம் எண்டு பெரியாக்கள் சொல்லினம்.

வேலிச் சண்டையைப் பேசித் தீர்க்கலாம். வல்லுறவை இணங்கித் தீர்க்கச் சட்டத்தில் இடமில்லை. காசு கொடுத்துக் கையெழுத்து வாங்கினாலும் வழக்கு நின்றுவிடாது, தொடர்ந்து நடக்கும். மன்னிப்புக் கேட்டுக் காலில் விழுந்தவர் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு அதையே செய்தால், அந்தக் கூட்டத்தில் தலையாட்டிய ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைக் கடுமையாகவே சொல்கிறோம். முறைப்பாட்டை மீளப்பெறச் சொல்லி வெருட்டுவது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வெருட்டு வந்த அன்றே, 9ஆம் கேள்வியில் சொன்ன முறைப்பாட்டு இலக்கத்தைக் காட்டிப் பொலிசில் பதியுங்கள்.

17. இனிப் பிள்ளையை வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தட்டோ?

பிள்ளை கேட்டால் மாற்றுங்கள், ஊர்வாய்க்குப் பயந்து மாற்ற வேண்டாம். செய்தவர் அங்கே படிப்பிக்கிறவர் என்றால் அவரைத்தான் விசாரணை முடியும்வரை அங்கிருந்து எடுக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கேட்டு, கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். செய்தவன் சக மாணவன் என்றால் வகுப்பு, இடைவேளை, பஸ் மூன்றிலும் இருவரும் எதிர்ப்படாதபடி அதிபர் ஒழுங்கு செய்ய வேண்டும்.

பிள்ளை திரும்பி வருகிற முதல் நாள் காலை வகுப்பாசிரியர் வாசலில் நின்று கூட்டிப்போகட்டும். வழக்கமாக இருக்கிற வாங்கில், வழக்கமான கூட்டாளிக்குப் பக்கத்தில் இருத்துங்கள். இடாப்புக் கூப்பிடும்போது "இவ்வளவு நாளும் எங்க போனனீ?" என்று கேட்க வேண்டாம். விட்ட பாடக் கொப்பிகளை முதல் நாளே இருவர் எழுதி மேசைக்குள் வைத்திருந்தால் நல்லது.